மலைப்பாதையில் இறங்கிய முள்: பழைய பிக்கப்புக்கு மூன்று மீட்டரும் ஒரு பஸரும்

குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு நாலு நாள் இருந்தது. மே மாத வெயில். வண்டியில் 22 மூட்டை மாட்டுத்தீவனம். பேரணாம்பட்டு தாண்டி, பத்தலப்பல்லி மலைப்பாதையில் வி.கோட்டாவுக்கு ஏறிக்கொண்டிருந்தேன். மேலே தீவனத்தை இறக்கிவிட்டு, தக்காளி ஏற்றிக்கொண்டு வேலூர் நேதாஜி மார்க்கெட்டுக்கு இறங்குவது அப்போது என் வாடிக்கை. இரண்டாவது கியரில் வண்டி முக்கிக்கொண்டு ஏறியது. ஹீட் மீட்டர் முள்ளை அடிக்கடி பார்த்துக்கொண்டேதான் ஓட்டினேன். எப்போதும் அந்த ஏற்றத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலே நிற்கும் முள், அன்று மெல்லக் கீழே இறங்கியது. மேலே காற்று நன்றாக அடிக்கிறது போலிருக்கிறது, அதனால் இன்ஜின் ஆறுகிறது என்று நினைத்தேன். மனசுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

இரண்டு வளைவு தாண்டியதும் வெல்லம் கருகுவது மாதிரி ஒரு வாசனை. அப்புறம் மிதித்தாலும் வண்டி இழுக்கவில்லை. ஓரம் கட்டி பானெட்டைத் தூக்கினால், ரேடியேட்டரின் மேல்பக்கத்துக்குப் போகும் ஹோஸ், கிளிப்பை ஒட்டி நீளவாக்கில் கிழிந்திருந்தது. இன்ஜினுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. முள் மட்டும் குளிர்ச்சியைக் குறிக்கும் "சி" எழுத்துக்குப் பக்கத்தில் அமைதியாக நின்றுகொண்டிருந்தது.

வண்டியைக் கட்டி இழுத்துக் கீழே கொண்டுவந்தோம். பேரணாம்பட்டில் அப்பா காலத்திலிருந்து எங்கள் வண்டியைப் பார்க்கிற பாய், நான் சொன்னதைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"முள்ளு கீழ எறங்குச்சா தம்பி?"

"ஆமா பாய்."

"அப்போ தண்ணி இல்லன்னு அர்த்தம். சூடா தண்ணி தொட்டாத்தானே அதுக்குத் தெரியும்? வெறும் காத்துல நின்னா அது இன்னா சொல்லும்?"

இன்ஜினின் மேல்மூடியான ஹெட் வளைந்திருந்தது. லேத்தில் கொடுத்துச் சீவி, கேஸ்கட் மாற்றி, வண்டி மறுபடி ரோட்டுக்கு வர 11 நாள். அந்த 11 நாளும் தக்காளி சீசன். ஆனால் பணத்தைவிட என்னைக் குடைந்தது பாய் சொன்ன அந்த ஒரு வரிதான். ஆறு வருடமாக அந்த முள்ளைப் பார்த்து வண்டி ஓட்டுகிறேன். அது எதைத் தொட்டுக்கொண்டு எனக்குச் சேதி சொல்கிறது என்று ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை.

விஷயம் இதுதான். ஹீட் மீட்டரின் சென்சார், தண்ணீர் சூடாகும்வரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்து வைக்கும் தெர்மோஸ்டாட் என்ற வால்வுக்குப் பக்கத்தில், தண்ணீர் ஓடும் வழியில் திருகப்பட்டிருக்கும். அதன் மூக்கு தண்ணீரில் மூழ்கியிருக்கும்வரை அது சொல்வது உண்மை. ரேடியேட்டர் மூடி 0.9 கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு) அழுத்தத்தைப் பிடித்து வைத்தால், உள்ளே வெறும் தண்ணீரே 118 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும். ஹோஸ் கிழிந்த நிமிடமே அந்த அழுத்தம் போய்விடும். நூறைத் தாண்டியிருந்த தண்ணீர் சட்டென்று ஆவியாகும், மீதி வெளியே கொட்டும். சென்சாரைச் சுற்றி ஆவியும் காற்றும்தான் மிஞ்சும். காற்று, தண்ணீர் மாதிரி சூட்டைக் கொண்டுவந்து கொடுக்காது. ஹெட் கொதித்துக்கொண்டிருக்கும்போதே முள் இறங்குவது இதனால்தான்.

அதனால் வண்டி வந்ததும் டேஷ்போர்டில் கூடுதல் மீட்டர் மாட்டுவது என்று முடிவு செய்தேன். என் வண்டி பழைய டீசல், டர்போ இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. ஸ்பீடோமீட்டர், டீசல் முள், எண்ணே இல்லாத ஹீட் முள், ஆயிலுக்கும் சார்ஜுக்கும் ஒவ்வொரு சிவப்பு விளக்கு. அவ்வளவுதான். டர்போ வண்டி வைத்திருப்பவர்கள் பூஸ்ட் மீட்டர், புகைக்குழாய்ச் சூட்டு மீட்டர் எல்லாம் யோசிக்கலாம். எனக்கு வேண்டியது மூன்று: எண் போட்ட தண்ணீர்ச் சூடு, ஆயில் பிரஷர், வோல்ட். இவற்றோடு, தண்ணீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உண்மை சொல்லும்படி ஹெட்டின் உலோகச் சூட்டை நேராகத் தொட்டுப் பார்க்கும் ஒரு சென்சார், அதற்கு ஒரு பஸர்.

ஆயில் விளக்கு இருக்கும்போது மீட்டர் எதற்கு என்று பலர் கேட்டார்கள். அந்த விளக்கை எரிய வைக்கும் ஸ்விட்ச் பொதுவாக அரை கிலோ வாக்கில் பிரஷர் இறங்கினால்தான் வேலை செய்யும். வண்டி ஓடும்போது 3 கிலோ இருக்க வேண்டிய இடத்தில் 1 கிலோ இருந்தால்கூட விளக்கு எரியாது. எரியும்போது பேரிங் ஏற்கெனவே தேயத் தொடங்கியிருக்கும். விளக்கு "செத்துவிட்டது" என்று சொல்லும், மீட்டர் "உடம்பு சரியில்லை" என்று சொல்லும். சார்ஜ் விளக்கும் அப்படித்தான். டைனமோ சுத்தமாகப் படுத்தால் எரியும். ரெகுலேட்டர் கெட்டு 15.5 வோல்ட் ஏறி பேட்டரி கொதிக்கும்போது அது வாயே திறக்காது.

சென்னை புதுப்பேட்டையில் பழைய சாமான் கடைகளில் அலைந்து ஆயில் மீட்டர் ஒன்று வாங்கினேன். நல்ல கனமான, பித்தளை வளையம் போட்ட மீட்டர். அதற்குச் சென்சார் வேலூரில் வேறொரு கடையில் தனியாக வாங்கினேன். நான் செய்த முதல் தப்பு இது. ஒயர் கொடுத்துச் சாவியைத் திருப்பினால், இன்ஜின் ஓடாமலேயே முள் கடைசிக்குப் போய் முட்டிக்கொண்டு நின்றது. ஸ்டார்ட் செய்தால் கீழே இறங்கியது! மீட்டர் கெட்டது என்று நினைத்து அரை நாள் வீணாக்கினேன்.

மீட்டரும் சென்சாரும் ஜோடி. சென்சார் என்பது பிரஷருக்கோ சூட்டுக்கோ தகுந்த மாதிரி மின்தடை மாறும் ஒரு சின்ன டப்பா. ஐரோப்பிய வகை ஆயில் சென்சாரில் பிரஷர் இல்லாதபோது 10 ஓம் வாக்கில் இருக்கும், முழுப் பிரஷரில் 180 வாக்கில் ஏறும். அமெரிக்க வகையில் அப்படியே தலைகீழ்: பிரஷர் இல்லாதபோது 240, முழுப் பிரஷரில் 33. என் மீட்டர் முதல் வகை, சென்சார் இரண்டாம் வகை. கையில் ஒரு மல்டிமீட்டர் இருந்தால் கடையிலேயே பார்த்துவிடலாம். சென்சாரின் முனைக்கும் அதன் உடம்புக்கும் நடுவில் ஓம் வைத்துப் பாருங்கள். 10 காட்டுகிறதா, 240 காட்டுகிறதா என்பதில் வகை தெரிந்துவிடும். புதிதாக வாங்குகிறவர்கள் மீட்டரும் சென்சாரும் ஒரே பெட்டியில் வருவதாகவே வாங்குங்கள்.

இதோடு சேர்த்து இன்னொன்று. வண்டியில் இருக்கும் ஹீட் சென்சாரின் ஒயரிலேயே புது மீட்டரையும் சேர்த்துக் கட்டினால் வேலை முடிந்தது என்று சிலர் சொல்வார்கள். கட்டாதீர்கள். ஒரே சென்சாரில் இரண்டு மீட்டர் தொங்கினால் இரண்டுமே தப்பாகக் காட்டும். பழைய மீட்டருக்குப் பழைய சென்சார், புது மீட்டருக்குப் புது சென்சார்.

மாட்டுவதற்கு முன்னால் செய்ததில் எனக்கு ரொம்பப் பிடித்தது கொதிநீர்ச் சோதனை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு வாசலில் சின்ன கேஸ் அடுப்பை வைத்து, பழைய அலுமினியப் பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கவிட்டேன். பக்கத்தில் வண்டி பேட்டரி. ஹீட் சென்சாரின் மூக்கு மட்டும் தண்ணீரில் முங்கும்படி கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, அதன் உடம்பிலிருந்து ஒரு ஒயர் பேட்டரி நெகட்டிவுக்கு, தலையிலிருந்து ஒரு ஒயர் மீட்டருக்கு. அப்பா நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. மீட்டர் காட்டியது 93. வேலூர், குடியாத்தம் உயரத்தில் தண்ணீர் கொதிப்பதை 100 என்றே வைத்துக்கொள்ளலாம். ஏலகிரி மேலே போய்ச் செய்தால் மூன்று டிகிரி குறையும். ஆக என் மீட்டர் 7 டிகிரி குறைத்துக் காட்டுகிறது. அடுப்பை அணைத்து, தண்ணீர் ஆற ஆற, ஒரு தெர்மாமீட்டரையும் போட்டு 80, 60 இரண்டிலும் ஒப்பிட்டேன். அங்கே 4 டிகிரிதான் வித்தியாசம். மீட்டரைத் திருப்பிக் கொடுக்கவில்லை. தங்கச்சியின் சிவப்பு நகப்பூச்சை வாங்கி, கண்ணாடியில் 93க்கு நேரே ஒரு கோடு போட்டேன். அந்தக் கோடுதான் எனக்கு நூறு. விலை உயர்ந்த மீட்டரைவிட, எவ்வளவு தப்பு என்று தெரிந்த மீட்டர் மேல் என்று இப்போது நம்புகிறேன்.

அடுத்தது மரை. சென்சார்களில் நம் கைக்கு அதிகம் வருவது மூன்று மரை. எம் 10க்கு 1 என்னும் மில்லிமீட்டர் மரை, எட்டில் ஒரு பங்கு அங்குல பிரிட்டிஷ் பைப் மரை, எட்டில் ஒரு பங்கு அங்குல அமெரிக்க பைப் மரை. மூன்றும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். பிரிட்டிஷ் மரையில் அங்குலத்துக்கு 28 சுற்று, அமெரிக்க மரையில் 27. ஒன்றின் ஓட்டையில் மற்றொன்று இரண்டு சுற்று சாதுவாகப் போகும், மூன்றாவதில் இறுகும். ஸ்பேனர் போட்டு அழுத்தினால் போச்சு, இன்ஜின் பிளாக்கின் மரையே சிதைந்துவிடும். கையாலேயே நாலு சுற்றாவது தடையில்லாமல் போக வேண்டும். போகாவிட்டால் நிறுத்திவிடுங்கள். நான் பழைய ஆயில் ஸ்விட்சைக் கழற்றி அப்படியே லேத்துக்குக் கொண்டுபோனேன். அவர் மரை கேஜை வைத்துப் பார்த்து, அதற்குப் பொருந்தும் பித்தளை டீ (மூன்று வாய் உள்ள இணைப்பு) ஒன்று கடைந்து கொடுத்தார். டீயின் ஒரு வாயில் பழைய ஸ்விட்ச், இன்னொரு வாயில் புது சென்சார். சிவப்பு விளக்கை ஒருபோதும் எடுத்துவிடாதீர்கள். மீட்டரைப் பார்க்காத நேரத்தில் அதுதான் காவல்.

டீயை நேராகப் பிளாக்கில் திருகி அதன்மேல் கனமான சென்சாரைத் தொங்கவிட நினைத்தேன். பாய் தடுத்துவிட்டார். டீசல் இன்ஜின் நடுக்கத்தில் பித்தளைக் கழுத்து கொஞ்சம் கொஞ்சமாக விரிசல் விட்டு, ஒருநாள் முறியும். முறிந்தால் ஆயில் பீய்ச்சி அடித்துச் சில நிமிடத்தில் இன்ஜின் காலி. அதனால் பிளாக்கிலிருந்து ஒரு சின்ன ஹைட்ராலிக் ஹோஸ் இழுத்து, டீயைப் பாடித் தகட்டில் கிளாம்ப் போட்டு உட்கார வைத்தோம். ஹோஸ் நடுங்கட்டும், டீ நடுங்காது.

ஆயில் பிரஷருக்கு ஒயரே இல்லாத மெக்கானிக்கல் மீட்டரும் உண்டு. மெல்லிய செம்புக் குழாயிலோ நைலான் குழாயிலோ ஆயில் நேராக மீட்டருக்கே வரும். துல்லியமானது, பேட்டரி செத்தாலும் வேலை செய்யும். ஆனால் சூடான ஆயில் நம் முழங்காலுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். நைலான் குழாய் தகட்டு விளிம்பில் உரசி அறுந்தால் கால்மேல்தான் கொட்டும். அதைத்தான் வைப்பது என்றால் செம்புக் குழாய் வாங்கி, நடுவில் இரண்டு சுற்றுச் சுருளாக வளைத்து விடுங்கள், நடுக்கத்தை அந்தச் சுருள் வாங்கிக்கொள்ளும். குடும்பத்தை உட்கார வைத்து ஓட்டும் வண்டி என்பதால் நான் ஒயர் வகையையே வைத்தேன்.

த்ரெட் டேப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஒற்றை ஒயர் சென்சாருக்கு எர்த் கிடைப்பதே அதன் மரை வழியாகத்தான். வெள்ளை டேப்பை நாலைந்து சுற்றுச் சுற்றிவிட்டால் எர்த் சரியாகக் கிடைக்காது, மீட்டர் தப்பாகக் காட்டும். டேப் துண்டு ஆயில் வழியில் போனாலும் ஆபத்து. நான் டேப்பே போடவில்லை. மரையின் நடுப்பகுதியில் மட்டும் கொஞ்சம் சீலன்ட் தடவினேன், முதல் இரண்டு சுற்றை வெறுமையாக விட்டேன். மாட்டியபின் சென்சார் உடம்புக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் ஓம் பார்த்தேன், ஏறக்குறைய பூஜ்யம் வந்தது.

இடம். ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம், டேஷ்போர்டு நடுவில், ரேடியோ வைக்கும் வாய் எங்கள் வண்டியில் காலியாகக் கிடந்தது. மீட்டர்கள் 52 மில்லிமீட்டர். ரேடியோ வாயின் உயரமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான், அதனால் நேராக உட்காராது. 2 மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டை 210க்கு 80 என்று வெட்டி, நடுவுக்கு நடு 65 மில்லிமீட்டர் தள்ளி மூன்று ஓட்டை போட்டு, அந்த வாயை மூடுகிற மாதிரி திருகினோம். முதலில் அட்டையில் வெட்டி ஒட்டிப் பார்த்து, ஓட்டுகிற மாதிரி உட்கார்ந்து, மூன்று கியர் மாற்றி, கை மறைக்கிறதா என்று பார்த்தபிறகுதான் தகட்டை வெட்டினேன். தகட்டுக்குப் பளபளப்பில்லாத கறுப்புப் பெயின்ட். பளபளத்தால் பகலில் வெயில் கண்ணில் அடிக்கும், இரவில் மீட்டர் விளக்கு முன்கண்ணாடியில் விழும். டேஷ்போர்டுக்கு மேலே மாட்டினால் இன்னும் எளிது என்றார்கள். அங்கே அப்பா ஒட்டிய கெங்கையம்மன் படம் இருக்கிறது, ரோட்டையும் மறைக்கும், வேண்டாம் என்றுவிட்டேன். பழைய வண்டியின் டேஷ்போர்டு பிளாஸ்டிக் வெயிலில் காய்ந்து அப்பளம் மாதிரி ஆகியிருக்கும். அதில் ஓட்டை போடுகிறவர்கள் ஹோல் சாவை மெதுவாக ஓட்டுங்கள், பின்னால் ஒரு மரத்துண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

திருகும்போது செய்த ஒரு சின்ன வேலை எனக்குத் தினமும் உதவுகிறது. மீட்டரில் எழுத்து நேராக நிற்க வேண்டும் என்று எல்லோரும் பார்ப்பார்கள். நான் எழுத்தைப் பார்க்கவில்லை. வண்டி நன்றாக ஓடும்போது மூன்று முள்ளும் நேராக வானம் பார்த்து நிற்கும்படி ஒவ்வொரு மீட்டரையும் அதன் ஓட்டையில் சுழற்றி இறுக்கினேன். எழுத்துகள் சாய்ந்திருக்கின்றன, பார்க்கிறவர்களுக்குக் கோணலாகத் தெரியும். ஆனால் ரோட்டிலிருந்து கண்ணை எடுத்து ஒரு நொடி பார்த்தால் போதும், எண் படிக்க வேண்டியதில்லை. மூன்று முள்ளும் வரிசையில் நிற்கிற மூன்று பேர் மாதிரி நேராக நிற்கும். ஒன்று சாய்ந்தாலும் கண் தானாக அங்கே போய்விடும்.

ஒயரிங் வேலையைக் குடியாத்தத்தில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவரோடு சேர்ந்து செய்தேன். மீட்டர்களுக்கான கரன்டைச் சாவி போட்டால் மட்டும் வரும் ஒயரிலிருந்து எடுத்து, தனியாக 3 ஆம்பியர் ஃப்யூஸ் போட்டோம். மீட்டர் விளக்குக்குப் பார்க்கிங் லைட் ஒயர். இன்ஜின் பக்கமிருந்து கேபினுக்குள் வரும் இடத்தில் தகட்டு ஓட்டைக்கு ரப்பர் புஷ், ஒயருக்கு மேலே ஸ்லீவ், புகைக்குழாய்க்குக் கிட்டேயே போகாத பாதை. இதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். ரொம்பப் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் ஒன்று கவனியுங்கள். சில வண்டிகளில் பழைய மீட்டர்களுக்கு 10 வோல்டாகக் குறைத்துக் கொடுக்கும் ஸ்டெபிலைசர் ஒன்று டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும். அதற்கு அப்பாலிருந்து புது மீட்டருக்குக் கரன்ட் எடுத்தால் கணக்கு எல்லாம் தப்பும்.

எங்களை மூன்று நாள் சுற்றவிட்டது எர்த். முதல் நாள் இரவு பள்ளிகொண்டா பக்கம் ஹெட்லைட்டைப் போட்டேன். போட்ட நொடியில் ஹீட் முள் பத்து டிகிரி ஏறியது, ஆயில் முள் இறங்கியது. வயிறு கலங்கிவிட்டது. லைட்டை அணைத்தேன், இரண்டும் பழைய இடத்துக்கு வந்தன. மறுபடி போட்டேன், மறுபடி அதே. இன்ஜினுக்கு ஒன்றுமில்லை, இது எர்த் சமாச்சாரம் என்று அண்ணன் போனிலேயே சொல்லிவிட்டார்.

மீட்டருக்கு எர்த் பாடியில், சென்சாருக்கு எர்த் இன்ஜின் பிளாக்கில். இரண்டையும் சேர்ப்பது ஒரு பின்னல் செம்புப் பட்டை. எங்கள் வண்டியில் அந்தப் பட்டை துருவேறிப் பாதி இழை அறுந்து கிடந்தது. ஹெட்லைட் கரன்ட் முழுக்க அதன் வழியாகத் திரும்பும்போது பாடிக்கும் இன்ஜினுக்கும் நடுவில் வோல்ட் வித்தியாசம் உண்டாகும். அது சென்சாரின் மின்தடை குறைந்த மாதிரி மீட்டரை ஏமாற்றும். சூட்டுச் சென்சாரில் தடை குறைந்தால் சூடு அதிகம் என்று அர்த்தம், மீட்டருக்கு ஜோடியாக நான் மாட்டிய ஐரோப்பிய வகை ஆயில் சென்சாரில் தடை குறைந்தால் பிரஷர் குறைவு என்று அர்த்தம். ஒரே கோளாறு, இரண்டு பொய். மல்டிமீட்டரை வோல்டில் வைத்து, ஒரு முனை இன்ஜினில், ஒரு முனை பாடியில், ஹெட்லைட்டைப் போட்டுப் பார்த்தோம். 0.6 வோல்ட். புதுப் பட்டை போட்டு, தொடும் இடத்தைப் பெயின்ட் போகச் சுரண்டி, கிரீஸ் தடவி இறுக்கியபின் 0.05. முள் அசையவில்லை. இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். உங்கள் வண்டியில் புது மீட்டர் மாட்டாவிட்டாலும் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள், செல்ஃப் மோட்டார் இழுக்காமல் சோர்ந்து சுற்றுவதற்கும் பல நேரம் இதுதான் காரணம்.

இனி அந்த நாலாவது ஆள், ஹெட்டின் உலோகச் சூட்டைப் பார்ப்பது. மோதிரம் மாதிரி முனையுள்ள சென்சார் அது, ஒரு போல்ட்டுக்கு அடியில் கொடுத்து இறுக்கினால் போதும். சூட்டை எண்ணில் காட்டும் சின்ன டப்பா ஒன்றும், நாம் வைத்த எண்ணைத் தாண்டினால் கத்தும் பஸரும் அதோடு வரும். ஹெட்டைப் பிளாக்கோடு இறுக்கும் பெரிய போல்ட்டுக்கு அடியில் இதை வைக்கவே கூடாது, அந்த இறுக்கம் கெட்டுவிடும். ஹெட்டில் காலியாக இருந்த ஒரு சின்ன மரை ஓட்டையில், தனிப் போல்ட் போட்டு மாட்டினோம். தண்ணீர் முழுக்கப் போனாலும் ஹெட் சுடும்தானே, இது சொல்லும்.

எந்த எண்ணில் கத்த வைப்பது என்று பலரும் கேட்கிறார்கள். என் எண் உங்களுக்கு உதவாது, சென்சார் உட்காரும் இடத்தைப் பொறுத்து அது மாறும். நான் பத்து நாள் பஸரை அணைத்துவிட்டு ஒரு நோட்டில் எழுதினேன். காலை ஸ்டார்ட், வேலூர் பைபாஸில் 60 வேகம், காட்பாடி நெரிசல், மலைப்பாதையில் முழுப் பாரம். அத்தனையிலும் உச்சம் 97 வந்தது. பஸரை 106ல் வைத்தேன். வைத்த மூன்றாம் மாதம் ஒரு தடவை உண்மையாகவே கத்தியது. மலையில் ஏறக்குறைய பாதித் தூரம், தண்ணீர் முள் இன்னும் நேராகத்தான் நின்றது. ஓரம் கட்டிப் பார்த்தால் ஃபேன் பெல்ட் தளர்ந்து வழுக்கிக்கொண்டிருந்தது. வோல்ட் முள்ளும் 14லிருந்து 13க்கு இறங்கியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். ஒரே பெல்ட்தான் டைனமோவையும் தண்ணீர் பம்பையும் சுற்றுகிறது. அதிலிருந்து, மலையேறும்போது வோல்ட் முள் சோர்ந்தால் பெல்ட்டைப் பார் என்று எனக்கு நானே ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன்.

அதே நோட்டு இன்னொன்றையும் காட்டிக்கொடுத்தது. முதல் வாரம் சமதளத்தில் தண்ணீர்ச் சூடு 65 டிகிரியைத் தாண்டவே இல்லை. திறந்து பார்த்தால் தெர்மோஸ்டாட்டே இல்லை. எங்கோ, என்றோ, ஹீட் ஆகிறது என்று கழற்றி எறிந்திருக்கிறார்கள். நம் ஊர் வெயிலுக்கு அது வேண்டாம் என்ற பேச்சு பரவலாக இருக்கிறது. டீசல் இன்ஜின் குளிர்ந்து ஓடினால் சிலிண்டர் தேய்மானமும் புகையும் கூடும். 82 டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட் வாங்கி மாட்டினோம். காலையில் வரும் வெள்ளைப் புகை குறைந்தது. ரேடியேட்டரையும் கழற்றிப் பார்த்தோம். வருஷக்கணக்காகப் போர் தண்ணீர் ஊற்றி, உள்ளே குழாய்களில் உப்பு படிந்து, கெட்டில் அடியில் இருக்குமே அந்த மாதிரி வெள்ளையாக இருந்தது. வேலூர்ப் பக்கத்துப் போர் தண்ணீரை வீட்டில் கொதிக்க வைக்கிறவர்களுக்கு இது தெரியும். இப்போது கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும்தான்.

ஆயில் மீட்டர் அதன் விலையை ஏழாம் மாதத்தில் திருப்பிக் கொடுத்தது. சூடான இன்ஜின், ஐடிலிங்கில் 1.5 கிலோ காட்டுவது வழக்கம். அது 1.4, 1.2 என்று நோட்டில் இறங்கிக்கொண்டே வந்தது. விளக்கு எரியவில்லை, சத்தம் இல்லை, ஓட்டத்தில் ஒரு குறையும் தெரியவில்லை. 1 கிலோவைத் தொட்டதும் பாயிடம் போனேன். அவர் மீட்டரைப் பார்க்கவில்லை, டிப் ஸ்டிக்கை உருவி மூக்கில் வைத்தார்.

"ஆயிலு ஏறியிருக்குது பாரு. ஊத்தினியா?"

"இல்ல பாய்."

"டீசல் வாசனை வருது."

டீசல் பம்பின் ஷாஃப்ட் சீல் போய், டீசல் கொஞ்சம் கொஞ்சமாக ஆயிலில் கலந்திருக்கிறது. ஆயில் நீர்த்தால் பிரஷர் இறங்கும். சீல் மாற்றி, ஆயில் மாற்றியதும் 1.5க்கு வந்துவிட்டது. கவனிக்காமல் இன்னும் இரண்டு மாதம் ஓட்டியிருந்தால் பேரிங் போயிருக்கும். அன்றைக்கு மீட்டர் காட்டிய எண்ணைவிட, போன மாதம் என்ன காட்டியது என்று எழுதி வைத்ததுதான் காப்பாற்றியது. ஒப்பிடும்போது ஒரே சூடு, ஒரே வேகத்தில் ஒப்பிடுங்கள். காலையில் குளிர்ந்த ஆயிலில் 5 கிலோ காட்டுவதைப் பார்த்துச் சந்தோஷப்பட ஒன்றுமில்லை.

அப்பா 20 வருடத்துக்கு மேல் இந்த ரோட்டில் மீட்டர் பார்க்காமல் ஓட்டியவர். சத்தத்திலும் வாசனையிலும் அவருக்கு வண்டி தெரியும். கொதிநீர்ச் சோதனை அன்று ஒன்றும் பேசாமல் இருந்தவர், போன வாரம் என்னோடு மலைக்கு வந்தார். மூன்றாவது வளைவில், "நடு முள்ளு லேசா சாயுது, கியர கொற" என்றார். குறைத்தேன், நிமிர்ந்தது.

எஃப்சி என்னும் தகுதிச் சான்றுக்குப் போகும்போது பழைய ஸ்பீடோமீட்டரையும் பழைய விளக்குகளையும் நான் தொடவில்லை என்பதால் எந்தக் கேள்வியும் வரவில்லை. எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருடா வருடம் எஃப்சி உண்டு, அதனால் பழையதைப் பிடுங்கிவிட்டுப் புதியதை வைக்கிற வேலை வேண்டாம், பக்கத்தில் சேர்த்து வையுங்கள்.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ரேடியேட்டர் மேல் டேங்கில் தண்ணீர் மட்டம் இறங்கினாலே விளக்கு எரிய வைக்கும் சென்சார் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். சூடு ஏறுவதற்கு முன்பே, தண்ணீர் குறையும்போதே தெரிந்துவிடும். பித்தளை டேங்கில் ஓட்டை போட்டு மரைத் துண்டு ஒன்றைப் பற்றவைக்க வேண்டும், அதற்கு ரேடியேட்டரைக் கழற்ற வேண்டும். தக்காளி வரத்து குறையும் மாதம் வரட்டும் என்று காத்திருக்கிறேன். சென்சார் இப்போதைக்கு டேஷ்போர்டு பெட்டியில், ஒரு மீட்டர் ஹோஸ், நாலு கிளிப், ஒரு ஃபேன் பெல்ட்டோடு துணியில் சுற்றிக் கிடக்கிறது.